கேற்றில் ஒட்டிய கடதாசியைக் கழற்றுங்கள்: குளிர்சாதனப் பாடநெறியை நிறுத்தியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மாவட்டத்தில் தொழிற்பயிற்சிக்குப் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கும், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச வேண்டிய பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

போன கிழமை செவ்வாய்க்கிழமை எங்கள் பகுதித் தொழிற்பயிற்சி நிலையத்தின் கேற்றில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. குளிர்சாதன, வளிச்சீராக்கல் பாடநெறிக்குப் போதிய மாணவர்கள் சேரவில்லை, அதனால் பாடநெறி நிறுத்தப்படுகிறது என்று நாலு வரி. கீழே கையொப்பம், றப்பர் முத்திரை. இரண்டு நாள் கழித்து ஒரு சின்ன லொறி வந்து, உள்ளே இருந்த வெக்யூம் பம்பையும் கேஸ் சிலிண்டர்களையும் பயிற்சிக்கு வைத்திருந்த இரண்டு ஏசிகளையும் ஏற்றிக்கொண்டு போனது. நான் தினமும் அந்த றோட்டால் கடைக்குப் போகிறவன், நின்று பார்த்தேன். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று ஏற்றிய தம்பிமாரிடம் கேட்டேன். தெரியாது, ஏற்றச் சொன்னார்கள் என்றார்கள். அவர்களில் பிழையில்லை. ஏன் இப்படி முடிவெடுத்தீர்கள் என்று உங்களிடம்தான் கேட்க வேண்டும், கேட்கிறேன்.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் பிரிட்ஜ், ஏசி திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். 1999 இல், சாதாரண தரத்தில் கணிதம் தவறி, இரண்டாம் முறை எழுதியும் தவறி, வீட்டில் இருந்தால் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று விடியவே எழும்பி ஆற்றங்கரைக்குப் போய் இருந்துவிட்டு வந்த நாட்களில், இப்போது நீங்கள் பூட்டியிருக்கிற அந்த அறையில்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அது சண்டைக் காலம். வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் இருந்து வருகிற பொடியன்கள் இராணுவச் சென்ரியில் மறிபட்டு, பை எல்லாம் கிளறப்பட்டு, பத்து மணிக்கு வந்தாலும் எங்கள் சேர் ஒரு சொல் ஏச மாட்டார், அவர்களுக்காக முதல் பாடத்தைத் திரும்ப நடத்துவார். சீமெந்துத் தரையில் சோக்கால் ஒரு பெரிய வட்டம் கீறி, நாலு பேரை நாலு பக்கத்தில் நிறுத்தி, நீ கொம்ப்ரஸர், நீ கொண்டென்சர், நீ கெப்பிலறிக் குழாய், நீ எவாப்பரேற்றர் என்று பெயர் வைத்து, ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கையில் தந்து, கேஸ் எப்படிச் சுற்றி வருகிறது என்று எங்களையே நடக்க வைப்பார். "குளிர ஆராலயும் செய்ய ஏலாது மனே, உள்ளுக்க இருக்கிற சூட்டத் தூக்கி வெளியால கொட்டுறதுதான் நம்மட வேல" என்று அவர் சொன்னதை இன்றைக்கு வரைக்கும் கடைக்கு வருகிற ஒவ்வொரு பொடியனுக்கும் நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

செம்புக் குழாயின் வாயை விரித்து பிளேர் எடுப்பதுதான் முதல் கிழமை வேலை. நான் எடுத்த முதலாவது வெடித்துப்போனது. சேர் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தலைமயிர் அளவில் ஓடிய கீறலைக் காட்டி, இதால ஆறு மாதத்தில் கேஸ் முழுக்கப் போய்விடும், வெட்டு, திரும்ப எடு என்றார். அன்று பின்னேரம் வரை இருபது தரமாவது வெட்டியிருப்பேன். செம்பு வீணாகிறதே என்று ஒரு நாளும் அவர் கணக்குப் பார்க்கவில்லை.

2006 இல் எங்கள் ஊரில் இருந்து நாலு பேர் கட்டார் போனோம். ஒரே ஏஜென்சி, ஒரே விமானம், ஒரே கம்பனி, டோஹாவில் ஒரே அறையில் மேலும் கீழுமாகக் கட்டில். மூன்று பேரின் விசாவில் லேபர் என்று இருந்தது, என்னுடையதில் ஏசி டெக்னீசியன். முதல் மாதச் சம்பளம் வந்த இரவு கட்டிலில் இருந்து எண்ணிப் பார்த்தோம். அவர்களுக்கு வந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எனக்கு. அதில் ஒருவன் என்னைவிட நன்றாகப் படித்தவன், உடம்பிலும் என்னைவிடப் பலசாலி. அவன் ஒன்றும் பேசவில்லை, காசை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டான். எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் அந்த அறையில் நான் இருந்த ஒரு வருடமும் அதற்குக் கிடைத்த ஒரு சான்றிதழும்தான், வேறு ஒன்றுமே இல்லை.

அந்த வித்தியாசம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, போகிறவர்களின் தொகைதான் கூடிவிட்டது. 2022 இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் கூடுதலானோர் வேலைக்காக இந்த நாட்டை விட்டுப் போனார்கள், 2024 இலும் 3 இலட்சத்தைத் தாண்டியது. அந்த 2024 இல் வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பிய காசு 650 கோடி டொலருக்கும் மேல். மேடையில் ஏறுகிற எல்லோரும் அந்தக் காசைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதை அனுப்புகிறவன் கையில் ஒரு தொழிலோடு போனானா, வெறுங்கையோடு போனானா என்று ஒருவரும் கேட்டு நான் கேள்விப்படவில்லை.

என் கடையில் மூன்று வருடம் நின்ற ஒரு பொடியனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்டூர்ப் பக்கம். காலையில் பாதை, அதுதான் வாவியைக் கடக்கிற மிதவைப் படகு, ஏறி குருமண்வெளியில் இறங்கி, அங்கிருந்து சைக்கிளில் வருவான், ஹாண்டிலில் சோற்றுப் பார்சல் தொங்கும். நல்ல கை. ஓடுகிற கொம்ப்ரஸரில் காதை வைத்துக் கேட்டு, வால்வு அடிக்குது அண்ணே என்று நான் கேஜ் போட முதலே சொல்லிவிடுவான், பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். ஆனால் கையில் சான்றிதழ் இல்லை. செய்து பழகிய வேலையை வைத்து தேசிய தொழில் தகைமை, அந்த என்.வி.கியூ., தருகிற முறை ஒன்று நாட்டில் இருக்கிறதுதானே, நானே விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். ஒரு வருடத்துக்குப் பிறகு கூப்பிட்டார்கள். பரிசோதிக்க வந்தவர் கேள்விகளைச் சிங்களத்தில் கேட்டார், பக்கத்தில் நின்ற ஒருவர் அரைகுறையாகத் தமிழில் சொன்னார். வெக்யூம் போட்டு, கேஸ் நிரப்பி, லீக் பார்த்து எல்லாம் செய்து காட்டியவன், ஏன் அப்படிச் செய்தாய் என்ற கேள்வி விளங்காமல் நின்றான். போதாது என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

போன வருடம் அவன் கட்டார் போனான். லேபர். அங்கே 2021 பங்குனியில் இருந்து ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 1,000 றியால், அதுதான் அவனுக்கும். வெள்ளிக்கிழமைகளில் கோல் எடுப்பான். ஒரு நாள் சொன்னான், "அண்ணே, நான் டைல்ஸ் பெட்டி தூக்குற மாடியிலதான் ஏசிக்காரங்க பைப் போடுறாங்க. பிளேர் பிழையா எடுக்கிறாங்க. பார்த்திட்டு நிக்கிறன், சொல்ல ஏலாம இருக்கு." நான் என்ன பதில் சொல்ல? அவனுக்கு நான் தொழிலைக் கொடுத்தேன், அந்தத் தொழில் அவனிடம் இருக்கிறது என்று சொல்கிற கடதாசியைக் கொடுக்க என்னால் முடியாது. அதை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

சரி, மாணவர்கள் சேரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன். அங்கே படிப்பித்தவர் ஓய்வு பெற்று இரண்டு வருடத்துக்கு மேல். அந்த வெற்றிடத்துக்கு ஆள் போடவில்லை. வெல்டிங் படிப்பிக்கிறவரைக் கிழமைக்கு இரண்டு நாள் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், அவர் நல்ல மனிசன், தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று பிள்ளைகளிடமே சொன்னார். கடைசியாகச் சேர்ந்த பதினாலு பேரில் ஆறு பேர் மூன்றாம் மாதமே நின்றுவிட்டார்கள், நின்ற பிள்ளைகளில் இரண்டு பேர் என் கடைக்கு வந்து வேலை பழகலாமா என்று கேட்டார்கள். நிரப்புவதற்கு கேஸ் இல்லாத அறையில், செம்பை வெட்ட விடாத அறையில், வாய்ப்பாட்டாகப் பிரிட்ஜ் படித்தால் ஆர் இருப்பான்? அடுத்த முறை விண்ணப்பம் கோரினீர்கள் என்கிறீர்கள். அந்த அறிவித்தல் ஒபிசுக்கு உள்ளே இருக்கிற பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றிலும் அதைக் கண்டதாக ஒரு பிள்ளையும் எனக்குச் சொல்லவில்லை. வகுப்பு எட்டு மணிக்கு. மறுகரையில் இருந்து வருகிறவன் பாதைக்குக் காத்து நின்று, இறங்கி, பஸ்ஸும் பிடித்து எட்டரைக்கு வந்தால் அரை நாள் வரவு வெட்டு, வரவு குறைந்தால் கொடுப்பனவும் வெட்டு. சென்ரி இருந்த காலத்தில் பத்து மணிக்கு வந்தவனைச் சேர்த்துப் படிப்பித்த இடம் இது. பிள்ளைகளை வர விடாமல் செய்துவிட்டு வரவில்லை என்று எழுதுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

இந்தத் தொழில் எங்கள் பக்கத்துக்கு எவ்வளவு தேவை என்பது கொழும்பில் இருந்து பார்த்தால் தெரியாமல் இருக்கலாம், ஆனால் நீங்கள் மட்டக்களப்பில் இருக்கிறீர்கள். கச்சான் காற்று தொடங்கினால் பகலில் தகரத்தின் கீழே இருக்க முடியாது. வாழைச்சேனையில் இருந்து ஆழ்கடலுக்குப் போகிற வள்ளம் ஐஸ் இல்லாமல் ஒரு முழம் நகராது. கடற்கரையில் பூட்டுகிற ஏசியின் வெளிப்பெட்டியை உப்புக்காற்று நாலைந்து வருடத்தில் தின்றுவிடுகிறது, அதனால் எங்களுக்கு மற்ற ஊர்களைவிட இரண்டு மடங்கு வேலை. 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றதே, விட்டு விட்டு வந்த கரண்டில் கொம்ப்ரஸர் எரிந்து, என் கடை வாசலில் இருந்து றோட்டு வரைக்கும் பிரிட்ஜ் அடுக்கியிருந்தது. டொலர் ஏறி புதுப் பிரிட்ஜ் விலை ஏழைகளின் கைக்கு எட்டாமல் போனபடியால் எல்லோரும் பழையதைத்தான் திருத்தக் கொண்டுவந்தார்கள். திருத்த நான் ஒருவன், அந்த மண்டூர்ப் பொடியன் ஒருவன். அப்போது பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற அம்மா ஒருவர், சீனி வருத்தம், காலையும் மாலையும் இன்சுலின் ஏற்றுகிறவர், தன் மருந்தைத் தேநீர் பிளாஸ்க்கில் ஐஸ் கட்டிக்கு மேலே ஒரு சீலைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு என் கடை வாசலில் வந்து இருந்தார். "மனே, என்ட பிரிட்ஜ முதல்ல பாரு, இந்த ஐஸ் பின்னேரம் மட்டும்தான் நிக்கும்" என்றார். அன்று மற்ற வேலை எல்லாவற்றையும் வைத்துவிட்டு அதைச் செய்தேன். அவரைப் போல எத்தனை பேர் என் கடைக்கு வராமலே மருந்தைப் பழுதாக விட்டிருப்பார்கள் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

அப்புறம் கேஸ். தொழில் தெரியாதவர்களுக்கு இது சின்ன விசயமாகத் தெரியும், ஆனால் எனக்குப் பயமே இதில்தான். நாங்கள் பழகிய காலத்து கேஸ்கள் தீப்பிடிக்காதவை. அவை வானத்தின் ஓசோனைக் கெடுத்ததால் உலகம் முழுக்க நிறுத்திக்கொண்டு வருகிறார்கள், ஏசியில் போடுகிற ஆர் 22 ஐயும் எங்களைப் போன்ற நாடுகள் 2030 உடன் ஏறத்தாழ முழுவதுமாக விட வேண்டும் என்பது மொன்றியல் உடன்பாடு. நல்லது, விடத்தான் வேண்டும். ஆனால் அதற்குப் பதிலாக இப்போது வீட்டுப் பிரிட்ஜில் வருகிற ஆர் 600ஏ, சமையல் கேஸின் சகோதரம், மணமும் இல்லை. கேஸை வெளியேற்றாமல், நைட்ரஜன் விடாமல், குழாயில் நெருப்பைப் பிடித்தால் பற்றும். போன ஆவணி மாதம் ஒரு பொடியன் கையில் துணி சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தான், பத்தொன்பது வயது. யூடியூப் பார்த்து பிரிட்ஜ் திருத்தக் கிளம்பியவன். வீடியோவில் பழைய கேஸ், அவன் திறந்தது புது பிரிட்ஜ். பின்பக்க ஸ்டிக்கரில் தீச்சுடர் படம் போட்டுத்தான் இருக்கிறது, அது என்ன என்று அவனுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுப்படியில், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில். 2021 கடைசியில் வீடு வீடாகச் சமையல் கேஸ் வெடித்த நாட்களை நாங்கள் ஒருவரும் மறக்கவில்லை. தொழில் மாறுகிற நேரத்தில் படிப்பிக்கிற இடத்தைக் கூட்டவல்லவா வேண்டும்? ஓசோனைக் காப்பாற்றுகிறோம் என்று நாடு கையெழுத்து வைத்திருக்கிறது, அதைச் செய்யப்போகிற கை எங்கள் பொடியன்களின் கைதான்.

பிள்ளைகளுக்கும் பெற்றாருக்கும் கைத்தொழிலில் விருப்பமில்லை, எல்லோரும் அரச உத்தியோகம்தான் கேட்கிறார்கள் என்று ஒரு கதை உங்கள் கூட்டங்களில் அடிக்கடி வருகிறது. அது முழுப் பொய்யும் இல்லை. 2017 இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலை கேட்டு பட்டதாரிகள் மாதக்கணக்கில் இருந்தார்களே, என் அக்காவின் மகளும் அதில் இருந்தாள், வெயிலில் கறுத்துப்போய் வருவாள். அவளில் எனக்குக் கோபமில்லை. மாதம் முடியச் சம்பளம், வயது போனால் ஓய்வூதியம் என்பதை ஆர்தான் விரும்பமாட்டார்? கல்யாணம் பேச வருகிறவர்களும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் ஊரில் ஒரு தொழிலுக்கு அரசாங்கமே மரியாதை கொடுக்காமல், அதைப் படிப்பிக்கிற அறையைப் பூட்டி, சாமான்களை லொறியில் ஏற்றிவிட்டு, பெற்றாரைப் பார்த்து உங்கள் மனம் மாற வேண்டும் என்று சொன்னால் அது எப்படி மாறும்? 2013 இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவைத் தொடங்கினீர்கள், எங்கள் பக்கப் பள்ளிக்கூடங்களிலும் பிள்ளைகள் படிக்கிறார்கள், பல்கலைக்கழகம் கிடைக்காத மிச்சப் பேர் எங்கே போவது? கணினி வந்து எழுத்து வேலை எல்லாவற்றையும் எடுத்துவிடும் என்று என் மகளின் வகுப்பில் பேசிக்கொள்கிறார்களாம். அது எவ்வளவுக்கு நடக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் பழுதான பிரிட்ஜின் பின்பக்கத்தைக் குனிந்து கழற்ற ஒரு ஆள் எந்தக் காலத்திலும் வேண்டும். போன மாதம் இரண்டு பெண் பிள்ளைகள் கடைக்கு வந்து, இந்த முறை நாங்களும் சேரலாமா, எப்போது விண்ணப்பம் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகள் இப்படிக் கேட்டு வந்தது எனக்குத் தெரிய இதுதான் முதல் தடவை. அவர்களும் அந்தக் கடதாசியை வாசித்திருப்பார்கள்.

இனி நான் கேட்பது.

பாடநெறியை நிறுத்திய முடிவைத் திரும்பப் பெறுங்கள், ஏற்றிக்கொண்டுபோன சாமான்களை இந்த மாதத்துக்குள் அதே அறையில் கொண்டுவந்து வையுங்கள், எங்கே இருக்கின்றன என்றாவது முதலில் சொல்லுங்கள். நிரந்தரமாக ஆள் போட சுற்றுநிருபம், அனுமதி என்று காலம் எடுக்கும் என்றால் அது வரைக்கும் தொழில் செய்கிறவர்களில் இருந்து வருகை விரிவுரையாளர்களை எடுங்கள். களுவாஞ்சிகுடியில் இருந்து கல்முனை வரைக்கும் தமிழரும் முஸ்லிம்களுமாக இந்தத் தொழிலில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிற ஆறு பேரை எனக்கே தெரியும், நாலு பேரிடம் கதைத்தும் விட்டேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நானும் கிழமையில் இரண்டு நாள் வருவேன், அதற்குச் சம்பளம் கேட்கவில்லை. புது கேஸ்களைப் பாதுகாப்பாகக் கையாளுகிற பாடத்தை முதல் மாதத்திலேயே வையுங்கள், ஏற்கெனவே கடைகளில் வேலை செய்கிற பொடியன்களையும் அதற்குச் சேருங்கள்.

வகுப்பை எட்டு மணியில் இருந்து ஒன்பதுக்கு மாற்றுங்கள், இது ஒரு காசும் செலவில்லாத விசயம். விண்ணப்ப அறிவித்தலை வெல்லாவெளி, மண்டூர், கொக்கட்டிச்சோலைப் பக்கப் பள்ளிக்கூடங்களுக்கும் கோவில், பள்ளிவாசல் அறிவித்தல் பலகைகளுக்கும் அனுப்புங்கள், பெண் பிள்ளைகளும் சேரலாம் என்று அதில் ஒரு வரி எழுதுங்கள்.

தொழில் தகைமைப் பரிசோதனையை இந்த மாவட்டத்தில் தமிழில் நடத்துங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதி 1987 இல் இருந்து எத்தனை வருடம். கேள்வி விளங்காமல் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களைத் திரும்பக் கூப்பிட்டுத் தமிழில் கேளுங்கள். மண்டூர்ப் பொடியனுக்கு அடுத்த வருடம் லீவு வருகிறது, இரண்டு மாதம் ஊரில் நிற்பான். அவனைப் பரிசோதிக்க அந்த இரண்டு மாதத்துக்குள் ஒரு திகதி தாருங்கள்.

பாராளுமன்ற உறுப்பினர்களே, அடுத்த ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைப் போடுங்கள். அதிகாரிகளே, என்ன முடிவு என்பதை எழுத்தில், தமிழில், அதே கேற்றில் ஒட்டுங்கள். அந்த இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் நான் போய்ச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
அந்த அறையில் தொழில் பழகியவன்,
களுவாஞ்சிகுடிப் பக்கம்.